விருத்தாசலம் ஃபியூஸ் கட்டையும் வண்டிப் புகைச் சட்டமும்

உங்க காருக்கு அடியில ஒரு பீங்கான் துண்டு இருக்கு. தெரியுமா?

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க. விருத்தாசலத்துல ஆரம்பிச்சு, அமெரிக்கா, இங்கிலாந்துன்னு ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப விருத்தாசலத்துக்கே வருவோம்.

விருத்தாசலம்னா சிலருக்குப் பழமலைநாதர் கோயில், சிலருக்கு ரயில்வே ஜங்ஷன். எலக்ட்ரிக் கடைக்காரர்களுக்கு அது பீங்கான் ஊர். பழைய வீடுகள்ல மீட்டர் போர்டுல வெள்ளையா ஒரு ஃபியூஸ் கட்டை இருக்குமே, கரண்ட் போனா அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, பிடுங்கி, கம்பி சுத்தி மாட்டுவாரே, அந்தக் கட்டைக்குப் பேர் போன ஊர்கள்ல ஒண்ணு இது. அகல் விளக்கு, பொம்மை, மின்கம்பி இன்சுலேட்டர் எல்லாம் அங்க சூளையில வெந்து வருது. செராமிக் டெக்னாலஜி டிப்ளமோவுக்குன்னே ஒரு அரசு நிறுவனம் அந்த ஊர்ல இருக்கு. பக்கத்துல நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேல படிஞ்சு கிடக்கிற வெள்ளைக் களிமண்தான் இந்தத் தொழில் அங்க வேர் பிடிக்க ஒரு காரணம்.

சரி, காருக்கு அடியில என்ன பீங்கான்?

இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகிற வழியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 துளைகள். துளைகளின் சுவர் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. விஷப்புகை ஒரு பக்கம் நுழைந்து, கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத எரிபொருள் ஆவி நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகவும் மாறி மறுபக்கம் வெளியேறுகிறது. (பைக்குல பெரும்பாலும் பீங்கானுக்குப் பதிலா உலோகத் தகடு.)

இதை எந்தக் கார் கம்பெனியும் ஆசைப்பட்டு வைக்கலை. ஒரு சட்டம் வைக்க வச்சுது. அந்தக் கதைக்குள்ள ஒரு டாக்டரா எனக்கு ரொம்ப முக்கியமான இன்னொரு கதை இருக்கு. அது ஈயத்தோட கதை.

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் இன்ஜின் 'தட் தட்' என்று இடிக்காமல் ஓடும். 1923-ல் விற்பனைக்கே வந்துவிட்டது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் மனம் பேதலித்து, வலிப்பு வந்து விழுந்தார்கள். 5 பேர் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள்.

1925 மே மாதம் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் ஒரு கூட்டம் கூட்டினார். அதில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஈயம் வேண்டாம் என்று நேருக்கு நேர் வாதாடினார். தொழிற்சாலை நோய்கள் என்ற மருத்துவத் துறையை அமெரிக்காவில் கட்டி எழுப்பியவர் அவர்.

தோத்துட்டாங்க. அடுத்த அரை நூற்றாண்டு உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல்தான்.

ஈயம் உடம்புக்குள்ள என்ன செய்யும்? நம்ம உடம்பு அதைக் கால்சியம்னு நினைச்சு ஏமாந்துடும். எலும்புல கொண்டு போய்ச் சேர்த்து வைக்கும். ரத்தம் ஊறுவதைத் தடுக்கும். நரம்பைக் கெடுக்கும். பெரியவங்க வயித்துக்குள்ள போற ஈயத்துல பத்துல ஒரு பங்குதான் ரத்தத்துல சேரும். சின்னக் குழந்தைக்குக் கிட்டத்தட்ட பாதி வரைக்கும் சேர்ந்துடும். வளர்ற மூளையில போய் அது உட்கார்ந்தா, கவனம், படிப்பு, நடத்தை எல்லாத்திலும் தெரியும். 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர், குழந்தைகள் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, பல்லில் ஈயம் கூடக் கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். நோய் அறிகுறி ஒன்றுமே இல்லாத, பார்க்க ஆரோக்கியமான பிள்ளைகள் அவர்கள்.

'மருந்து இருக்கே டாக்டர்'னு கேப்பீங்க. இருக்கு. ஈயத்தைப் பிடிச்சு சிறுநீர்ல வெளியேத்துற மருந்து. 780 குழந்தைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2001-ல் வெளியானது. மருந்து கொடுத்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் குறைந்தது. மூளைத்திறன் சோதனையில் எந்த முன்னேற்றமும் இல்லை. போனது போனதுதான். அதனால ஈயத்துக்கு எங்க பெட்டியில நல்ல மருந்து கிடையாதுன்னே வச்சுக்கோங்க. உள்ள போகாம தடுக்கிறது மட்டும்தான் வழி.

தடுத்தது யாரு? இப்பதான் சட்டம் உள்ள வருது.

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1943 முதல் கண்ணெரியும் புகைமூட்டத்தில் தவித்தது. அது கார் புகையும் வெயிலும் சேர்ந்து சமைக்கும் விஷம் என்று 1950-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் நிரூபித்தார். டெல்லி என்ன சொல்லுமோ என்பது மாதிரி வாஷிங்டனுக்காக அந்த மாநிலம் காத்திருக்கவில்லை. 1960-ல் தன் சட்டமன்றத்தில் வாகனப் புகைக் கட்டுப்பாட்டுக்குத் தனிச் சட்டம் போட்டது. 1966-ல் அமெரிக்காவிலேயே முதல் முறையாகப் புகைக்குழாய்க்கு அளவு நிர்ணயித்தது.

அப்புறம் 1970. எட்மண்ட் மஸ்கி என்ற செனட்டர் கொண்டு வந்த தூய காற்றுச் சட்டம் செனட் அவையில் 73-க்கு 0 என்று நிறைவேறியது. அதில் இருந்த வரி சின்னது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 1975-க்குள் 90 சதவீதம் குறைய வேண்டும்.

கவனிங்க. அந்த நாளில் அதைச் செய்யக்கூடிய கருவி எந்தக் கார் கம்பெனி கையிலும் தயாராக இல்லை. முடியவே முடியாது என்று டெட்ராய்ட் கூப்பாடு போட்டது. ஓர் அளவு, ஒரு தேதி. அவ்வளவுதான் சட்டம் சொன்னது. எப்படிச் செய்வது என்பதைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டது.

அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள கார்னிங் என்ற கண்ணாடிக் கம்பெனியில் மூன்று பேர் (பேக்லி, லாக்மன், லூயிஸ்) நம்ம வீட்டு முறுக்கு அச்சை ஒரு தொழிற்சாலை ஆக்கினார்கள். நிஜமாத்தான் சொல்றேன். களிமண், டால்க், அலுமினா சேர்த்துப் பிசைந்த மாவை நுண்ணிய அச்சு வழியாகப் பிதுக்கினால் தேன்கூடாக வருகிறது. உலர்த்தி, சுமார் 1400 டிகிரியில் சுட்டால் கார்டியரைட் என்ற பீங்கான். திடீர்னு சூடாகி திடீர்னு குளிர்ந்தாலும் விரிசல் விடாது. விருத்தாசலத்துல சூளை பார்க்கிற எந்தப் பெரியவரும் இந்தச் செய்முறையைக் கேட்டா, 'இதுல புதுசா என்னப்பா இருக்கு, அச்சுதானே கஷ்டம்'னு சொல்லிடுவார். உண்மை. அச்சுதான் கஷ்டம்.

ஆனா ஒரு சிக்கல். பிளாட்டினத்து மேல ஈயம் படிஞ்சா கன்வெர்ட்டர் செத்துடும். அப்ப பெட்ரோல்ல ஈயம் இருக்கக் கூடாது. 1975 மாடல் கார்கள் கன்வெர்ட்டரோடு வந்தன. கூடவே பங்குகளில் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது.

அதாவது ஆலிஸ் ஹாமில்டன் 1925-ல் குழந்தைகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் கேட்டுக் கிடைக்காதது, 50 வருஷம் கழித்து ஒரு பீங்கான் துண்டைக் காப்பாற்றுவதற்காகக் கிடைத்தது. இதுல சிரிக்கிறதா அழுவுறதான்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை.

பலன்? அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரி ஈயம் 1976-80 கணக்கெடுப்பில் ஒரு டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராம். 1988-91-ல் 2.8. எழுபத்தெட்டு சதவீத வீழ்ச்சி. எந்த டாக்டரும் ஒரு மாத்திரையும் எழுதவில்லை.

இப்ப இந்தியாவுக்கு வாங்க.

நம்ம ஊர்ல தேதி வச்சது பெரும்பாலும் நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கு நூல் பிடித்தது போல நீண்டது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம், ஈயமில்லாப் பெட்ரோல் விற்பனை தொடக்கம். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் இல்லை. 2017 மார்ச் கடைசியில், ஏப்ரல் 1-க்கு மேல் பி.எஸ்-3 வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது கம்பெனிகளிடம் விற்காமல் நின்றவை 8.24 லட்சம் வண்டிகள். அந்த ரெண்டு நாள் ஷோரூம் வாசல்ல தள்ளுபடிக்கு நின்ன கூட்டம் ஞாபகம் இருக்கா? 2020 ஏப்ரலில் பி.எஸ்-6. அதோடு டீசல் வண்டிகளுக்குக் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டரும் பரவலானது. அதுவும் பீங்கான் தேன்கூடுதான், ஒரு துளை விட்டு ஒரு துளையை அடைத்து வைத்திருப்பார்கள்.

பெட்ரோல்ல ஈயம் போன பிறகாவது நம்ம குழந்தைங்க தப்பிச்சாங்களா? சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வு 2009-ல் வெளியானது. ரத்தத்தில் சராசரி ஈயம் 11.4. இப்போது அமெரிக்காவில் கவனிக்கச் சொல்லும் அளவு 3.5. பெயிண்ட், பழைய பேட்டரி உருக்கும் பட்டறை, பாத்திரத்துப் பூச்சு, மண்ணில் படிந்து கிடக்கும் பழைய ஈயம் என்று வழிகள் பல. வீட்டுப் பெயிண்டுக்கு 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

'தமிழ்நாட்டுச் சட்டமன்றம் என்ன செஞ்சுது'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கலிஃபோர்னியா மாதிரி, புகைக்குழாயில் இவ்வளவுதான் வரலாம் என்று நம் மாநிலம் தனியாக அளவு வைப்பதில்லை. அது மத்திய மோட்டார் வாகன விதிகளில், 115-ஆம் விதியில் இருக்கிறது. மாநிலத்தின் கையில் இருக்கும் கத்தி வேறு. வரி.

1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டத்தை யாரும் சுற்றுச்சூழல் சட்டம் என்று நினைப்பதில்லை. ஆனா அதுக்குள்ளதான் பசுமை வரி உட்கார்ந்திருக்கு. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல புதுப்பிக்கும்போது கட்டுறீங்களே, அது. மின்சார வாகனத்துக்குச் சாலை வரி முழு விலக்கு கிடைப்பதும் இந்த வழியில்தான். 2019 செப்டம்பரில் மாநில அரசு வெளியிட்ட மின்சார வாகனக் கொள்கையும், 2023 பிப்ரவரியில் வந்த திருத்திய கொள்கையும் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பழசுக்குக் கூட ஒரு பிடி, புதுசுக்கு ஒரு தளர்வு. என் அபிப்ராயத்தைக் கேட்டால், தளர்வு போதும் அளவுக்கு இருக்கு. பிடி ரொம்ப லேசு. ஒரு பழைய லாரி விடுற புகைக்கு அந்தப் பசுமை வரி ஒரு டீசல் டேங்க் காசு கூட இல்லை.

எரிசக்திச் சிக்கனம் வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 2001-ன் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம். ஃப்ரிட்ஜில், ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் அதன் பிள்ளை. கார் கம்பெனிகள் விற்கும் வண்டிகளின் சராசரி எரிபொருள் செலவுக்கு 2017-18 முதல் வரம்பு வைத்திருப்பதும் அதே சட்டம்தான்.

இனி சூளைக்கு வருவோம். வண்டிப் புகையைப் பத்தி இவ்வளவு பேசினோமே, பீங்கான் வேகிற இடத்துப் புகை?

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற ஊர். அவர்களுடைய விருத்தாசலம்னு வச்சுக்கோங்க, நூறு மடங்கு பெரிசு. பாட்டில் வடிவச் சூளைகள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் நின்றன. ஒரு முறை சுடப் பத்து டன்னுக்கு மேல் நிலக்கரி. சூட்டில் பெரும்பகுதி செங்கல் சுவரைச் சூடாக்கவும் வானத்துக்குமே போனது. பட்டப்பகலில் தெரு தெரியாது. 1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு, 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரும்புகைக்குத் தடை. சூளைகள் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறின. புகை போனது, எரிபொருள் செலவும் குறைந்தது. மிஞ்சிய சில பாட்டில் சூளைகளை இப்போது சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். அதே 1956 நவம்பரில்தான் இங்கே நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. ஒருத்தன் கரியை விட்டு வெளியே வர்ற வருஷம், இன்னொருத்தன் உள்ள போற வருஷம். நமக்கு அப்போ வேற வழியும் இல்லை, மின்சாரம் வேணும்.

நம்ம நாட்டுல குஜராத் மோர்பி. டைல்ஸ் தலைநகரம். 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நிலக்கரி வாயுக் கலன்களை மூடச் சொன்னது. ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பெரிய ஆலைக்கு அது முடிந்தது, குழாய் வாசல் வரை வந்திருந்தது. விருத்தாசலத்து மாதிரி ஊர்களில் சின்னச் சின்னக் கொட்டகைகளுக்கு ஒரு சூளையை மாற்றுவது வீட்டை விற்கிற கணக்கு. வீட்டுக்கு வீடு எம்.சி.பி. ஸ்விட்ச் வந்து ஃபியூஸ் கட்டையின் சந்தையும் சுருங்கிய பிறகு சொல்லவே வேண்டாம். இவர்களுக்குத் தேதி மட்டும் வைத்தால் தொழில் சாகும். மஸ்கியின் சட்டத்துக்குப் பதில் சொல்ல ஒரு கார்னிங் இருந்தது. சின்னச் சூளைக்கு அந்த வேலையை அரசுதான் செய்யணும்.

புகையை விட எனக்குப் பெரிய கவலை தூசி.

பீங்கான் மாவு என்றால் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அரைக்கும்போதும், காய்ந்த கட்டையை உரசித் தேய்க்கும்போதும், சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கும்போதும் பறக்கிற நுண்தூசி நுரையீரலின் அடி ஆழம் வரை போய்த் தங்கும். அங்கே தழும்பு உண்டாக்கும். பேர் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் வளரும். திருப்ப மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பையும் பல மடங்கு கூட்டும்.

இதுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஈய நஞ்சும் சிலிக்கோசிஸும் 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தன. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இருந்தன. கண்டுபிடித்த டாக்டர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. தெரிவிக்காத டாக்டருக்கு அதில் அபராதமும் இருந்தது, ஆயிரம் ரூபாய் வரை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. சிலிக்கா தூசிக்கு அளவும் 1987 திருத்தத்திலேயே வந்துவிட்டது.

ஆனா அந்த 1948 சட்டத்துல 'தொழிற்சாலை'ன்னா பொதுவா மின்சாரத்தோட 10 பேர், மின்சாரம் இல்லாம 20 பேர்னு இருந்துச்சு. ஆறு பேர் உட்கார்ந்து விளக்கு தேய்க்கிற கொட்டகை அந்தக் கணக்குல வரலை. தூசிக்கு ஆள் எண்ணத் தெரியாதே.

இன்னொண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை. அதனால பீங்கான் தேன்கூடும் இல்லை, பீங்கான் வச்ச ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ஆனா நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரிக்கு ஒரு தடித்த ஃபியூஸ் வேணும். அதன் உடம்பு பெரும்பாலும் பீங்கான் குழாய். உள்ளே தீப்பொறியை அணைக்க நிரப்பியிருப்பது குவார்ட்ஸ் மணல். நாளைக்கு இந்த வேலை விருத்தாசலத்துக்கு வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். மணல் நிரப்புற மேஜைக்கு மேல ஒரு தூசி உறிஞ்சும் குழாயும் கூடவே வரணும்.

இதைப் படிக்கிற நீங்களோ, வீட்டுல யாரோ பீங்கான், கல் உடைப்பு, மணல் அரவை வேலையில வருஷக்கணக்கா இருந்தா, மூணு விஷயம் செய்யுங்க. இருமல், மூச்சு வாங்கல்னு டாக்டரைப் பார்க்கும்போது, அவர் கேட்காட்டியும் என்ன வேலை, எத்தனை வருஷம்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க. நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில எடுத்துக்கோங்க, காசநோய்ப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. வேலை செய்யுற இடத்தைக் காய்ஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடைங்க. கைக்குட்டை கட்டினா சிலிக்கா நிக்காது.

அப்புறம், வேலைத் துணியோட வீட்டுக்குப் போய் அப்படியே குழந்தையைத் தூக்காதீங்க. கை கால் கழுவி, சட்டையை மாத்திட்டுத் தூக்குங்க.